அறிஞர் ஆலன் டூரிங்

கணினியில் புதிதாகக் கணக்குத் திறக்கும்போது, கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டி, அவற்றைத் தட்டெழுதுமாறு அது நம்மைக் கேட்பதுண்டு. எதிரே இருப்பவர் மனிதரா, மற்றொரு கணினியா என்று அறியவே இச்சோதனை. கேப்ட்சா என்னும் அதன் பெயரில் உள்ள ஓர் ஆங்கில எழுத்து, ஆலன் டூரிங் என்னும் அறிஞரைக் குறிப்பதாகும்.

டூரிங்கின் அன்னையார் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்தவர். டூரிங் 1912 ஜூன் 23 ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாய் இருக்கும்போதே அவரை இங்கிலாந்தில் பிறர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினர். கடல் கடந்து பிழைக்க வந்தோரின் வழித்தோன்றல்களான பத்து காஜா மக்களுக்கு, இப்பிரிவின் துயரத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை.

கணிதத்தில் சிறந்து விளங்கிய அவர், 1936 இல், படிப்படியாகச் செய்யத்தக்க எக்கணக்கையும் செய்யவல்ல ஒரு கற்பனைப் பொறியை விவரித்து எழுதினார். இரண்டாம் உலகப் போரில், போலந்து நாட்டு அறிஞர்கள் முன்னர்க் கண்ட வழியை மேலும் வளர்த்து, ஜெர்மானியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைப்பதில் பெரும்பங்கு ஆற்றினார்.

1950 இல் அவர் ஒரு விளையாட்டை எண்ணிப் பார்த்தார். மறைவில் ஒரு மனிதரும் ஒரு பொறியும் இருப்பர். நடுவர் எழுத்து மூலமாகவே வினாக்கள் விடுத்து, எது பொறி என்று கண்டுபிடிக்க வேண்டும். 34957 உடன் 70764 ஐக் கூட்டச் சொல்வது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. அதற்கு அரை நிமிடம் தாமதித்து வரும் விடை 105621. மாணவ மணிகளே, கூட்டிப் பாருங்கள். அது பிழையான விடை! நொடியில் சரியாகக் கூட்டிவிட்டால் பொறியின் வேடம் கலைந்துவிடுமன்றோ? மனிதனைப்போல் நடிக்க, பொறி தடுமாறவும் பிழைபடவும் வேண்டியிருக்கிறது. இந்நுட்பத்தை நாம் பெரிதும் வியக்கிறோம்.

1952 இல், தம் தனிவாழ்வின் பொருட்டு, அக்காலத்துக் கொடிய சட்டமொன்றினால் அவர் தண்டிக்கப்பட்டார். 1954 இல், தம் 41 ஆம் அகவையில் மறைந்தார். பிரிட்டிஷ் பிரதமர் 2009 இல்தான் அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2000 ஆம் ஆண்டை ஒட்டி இவ்விளையாட்டைத் தலைகீழாக்கினர். இப்போது நடுவர் கணினி, சோதிக்கப்படுவோர் நாம். கண்பார்வை அற்றோருக்கு இச்சோதனை பெருந்தடையாயிற்று. கணினிகளோ கோணல் எழுத்துகளையும் படிக்கக் கற்றுக்கொண்டன. ஆதலால், கட்டத்தில் குறியிடச் சொல்லிவிட்டு, நம் கை சுட்டியை நகர்த்தும் விதத்தைக் கவனிக்கும் சோதனைகளும் பின்னர் வந்துள்ளன.