கை கழுவக் கற்பித்த மருத்துவர்

ஐரோப்பாக் கண்டத்தில் ஓடும் பேராறுகளுள் தான்யூபு ஒன்று. அதன் இரு கரைகளிலும் புடா, பெசுட்டு என்னும் நகரங்கள் எதிரெதிரே இருந்தன. பிற்காலத்தில் அவை இணைந்து, அங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெசுட்டு ஆயின. அவற்றுள் புடா நகரில் 1818-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளன்று இக்னாசு செம்மல்வைசு பிறந்தார். தந்தையார் மளிகை வணிகர்; வளமான குடும்பத்தினர். அவருடைய மக்கள் பதின்மருள் இக்னாசு ஐந்தாமவர்.

இளைஞர் இக்னாசு சட்டம் பயிலும் பொருட்டு 1837-ஆம் ஆண்டில் வியன்னா மாநகருக்குச் சென்றார். ஓராண்டு கழிவதற்குள் அவர் மனம் மருத்துவத்தின்பால் திரும்பியது. 1844-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, மகப்பேற்று மருத்துவத்திலும் தேர்ச்சி அடைந்தார். 1846-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், தமக்கு இருபத்தெட்டு வயது நிறைந்த அன்று, வியன்னாப் பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பகுதியில் பேராசிரியர் கிளைன் என்பாரிடம் உதவி மருத்துவராக அமர்ந்தார்.

அம்மருத்துவமனையின் மகப்பேற்றுப் பகுதி மிகப் பெரியது. ஏழைப் பெண்களுக்கு அங்கே கட்டணமின்றிப் பேறு பார்க்கப்பட்டது. அதற்கு ஈடாக, மருத்துவம் பயில்வோர் தம்மிடம் பயிற்சி பெற அப்பெண்கள் இசைய வேண்டும். பிரிவுகள் இரண்டு. முதற்பிரிவில் மருத்துவ மாணவரும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சித் தொழில் பயிலும் மகளிரும் பயிற்சி பெற்றனர். ஒரு நாள் வருவோரை ஒரு பிரிவும், மறுநாள் வருவோரை மற்றொரு பிரிவும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே எந்தப் பெண் எந்தப் பிரிவுக்குப் போவாள் என்பது அவள் வந்து சேரும் நாளைப் பொறுத்தது.

அந்த நாள் தவறிவிட்டால் பெண்கள் நடுங்கினர். முதற்பிரிவில் தம்மைச் சேர்க்கவேண்டா என்று மண்டியிட்டுக் கைகூப்பி வேண்டினர். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல். பிள்ளை பிறந்த ஓரிரு நாளில் குளிர் காணும், உடல் கொதிக்கும், வயிறு வீங்கி நோகும், சில நாளில் தாய் இறந்துபடுவாள். பல வேளைகளில் பிறந்த குழந்தையும் தாயைப் பின்தொடரும். 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் பிள்ளை பெற்றோர் 4,010 பேர். இறந்தோர் 459 பேர். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் பெற்றோர் 3,754 பேர். இறந்தோர் 105 பேர். ஒரே மருத்துவமனை, ஒரே வகை உணவு, ஏறத்தாழ ஒரே வகை மக்கள். எனினும் ஒரு கதவுக்குள் நுழைந்தவர் இறப்பது, அடுத்த கதவுக்குள் நுழைந்தவர் இறப்பதைப்போல் நான்கு மடங்காக இருந்தது. கற்றறிந்த மருத்துவர் கவனிக்கும் பிரிவிலேயே சாவு மிகுந்தது என்பது எவரையும் நாணச் செய்யும் செய்தி.

அந்நாளில் நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு மருத்துவ உலகத்துக்கு இல்லை. வானிலும் மண்ணிலும் எழும் ஏதோ ஒரு நச்சுக் காற்று காய்ச்சலைப் பரப்புகிறது என்றே பெரும்பாலோர் நம்பினர். அவ்வாறாயின், அக்காற்று ஒரு பிரிவின் வாயிலில் நுழைந்து அடுத்த பிரிவின் வாயிலில் ஏன் நின்றுவிடுகிறது என்று செம்மல்வைசு எண்ணினார். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றுவிட்ட பெண்களுக்கு அக்காய்ச்சல் அரிதாகவே கண்டது. தெருப்புழுதியில் பெற்றவள் பிழைக்கிறாள். மருத்துவர் சூழக் கட்டிலில் பெற்றவள் மடிகிறாள். இது அவரை உறங்கவிடவில்லை.

இரு பிரிவுகளுக்கும் உள்ள வேறுபாடுகளை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கூட்ட நெரிசலே காரணம் என்றனர் சிலர். ஆனால் பெண்கள் அஞ்சி ஓடி வந்தமையால் இரண்டாம் பிரிவிலேயே நெரிசல் மிகுதி. இரண்டாம் பிரிவில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளை பெற்றனர்; முதற்பிரிவிலும் அவ்வாறே செய்வித்துப் பார்த்தார். சாவு குறையவில்லை. இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு இறுதி வழிபாடு நிகழ்த்த வரும் பாதிரியார், முதற்பிரிவில் பல அறைகளைக் கடந்து செல்லவேண்டும். அவருக்கு முன்னே ஒருவன் மணியடித்துக்கொண்டு போவான். அம்மணியோசை கேட்ட அச்சமே நோயாகிறது போலும் என்று கருதி, மணியின்றி வேறு வழியாக வருமாறு பாதிரியாரை வேண்டிக்கொண்டார். அதனாலும் பயன் விளையவில்லை. அரசு அமைத்த குழுவினர், அயல்நாட்டு மாணவர் முரட்டுத்தனமாகச் சோதிப்பதே காரணம் என்று முடிவு கட்டி, மாணவர் தொகையை 42-லிருந்து 20-ஆகக் குறைத்தனர். சில திங்கள் சாவு குறைந்தது; பின்னர் முன்னினும் மிகுந்தது.

இதற்கிடையே செம்மல்வைசின் பதவி சில திங்கள் அவரைவிட்டு நீங்கி மீண்டும் வந்தது. 1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெனிசு நகரின் கலைச்செல்வங்களைக் கண்டு மனம் தேறி வியன்னாவுக்குத் திரும்பியவரை ஒரு துயரச் செய்தி எதிர்கொண்டது. அவருடைய நண்பரும் மருத்துவப் பேராசிரியருமான யாக்கோபு கொலேட்சுக்கா இறந்துவிட்டார். பிணத்தை அறுத்து ஆராயும்போது மாணவன் ஒருவனுடைய கத்தி அவர் விரலில் பட்டுச் சிறு புண் உண்டானது. அதுவே அவர் உயிரைக் கொண்டது.

நண்பரின் உடலைச் சோதித்து எழுதிய குறிப்பைச் செம்மல்வைசு துயரத்தோடு படித்தார். படிக்கப் படிக்க, அதில் கண்ட மாறுதல்கள் யாவும் தாம் நாள்தோறும் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவையே என்பது அவருக்குப் புலப்பட்டது. நண்பரைக் கொன்ற நோயும் தாய்மாரைக் கொன்ற நோயும் ஒன்றே. நண்பரின் உடலுக்குள் கத்திமுனை வழியே பிணத்தின் அழுகற்பொருள் சென்றது. தாய்மாரின் உடலுக்குள் அதனைக் கொண்டு சென்றது யாது?

மருத்துவரும் மாணவரும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்து ஆராய்வர். பின்பு அங்கிருந்து நேரே பிள்ளை பெறும் பெண்களைச் சோதிக்க வருவர். கைகளைச் சவர்க்காரம் இட்டுக் கழுவினாலும் பிணநாற்றம் முற்றும் நீங்குவதில்லை. மருத்துவச்சிகளோ பிணவறைக்குள் செல்வதே இல்லை. விடை இதுதான். மருத்துவரின் கைகளே நோயைச் சுமந்து வந்தன.

இந்த விடையைக் கண்டவருக்கு மகிழ்ச்சியைவிட வேதனையே மிகுந்திருக்க வேண்டும். ஏனெனில், நோயின் மூலத்தை அறியும் ஆர்வத்தால் பிணவறையில் மற்ற எவரினும் மிகுதியாக உழைத்தவர் அவரே. தாம் பதவியில் இல்லாத திங்கள்களில் சாவு குறைந்ததும், தாம் மீண்டபின் ஏப்பிரல் திங்களில் நூற்றுக்குப் பதினெண்மர் இறந்ததும் ஏன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அவர் அதனை மறைக்கவில்லை. குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்பதைப் பின்னர்த் தம் நூலில் வெளிப்படையாகவே எழுதினார்.

1847-ஆம் ஆண்டு மே மாத நடுவில் பிரிவின் வாயிலில் குளோரின் கலந்த நீர் வைக்கப்பட்டது. உள்ளே வரும் மருத்துவரும் மாணவரும் அந்நீரால் கைகளைக் கழுவியே ஆகவேண்டும். நகக்கண்களையும் தேய்த்துக் கழுவவேண்டும். பிணநாற்றம் சிறிதும் எஞ்சியிருத்தல் ஆகாது. அந்நீர் விலை மிகுந்ததாயிருந்தமையால், பின்னர் மலிவான குளோரினேற்றிய சுண்ணாம்பை நீரில் கரைத்து வைத்தனர். நாம் கிணற்று நீரைத் தூய்மை செய்ய இடும் வெளுப்புத் தூள் அதுவே. ஏப்பிரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, சூனில் இரண்டளவிலும் சூலையில் ஒன்றளவிலும் வந்து நின்றது. மறு ஆண்டாகிய 1848-இல் முதற்பிரிவில் பெற்றோர் 3,556 பேர். இறந்தோர் 45 பேரே. அவ்வாண்டில் ஒரு தாயும் இறவாத திங்கள்களும் இருந்தன.

1847 அக்டோபரில் நிகழ்ந்த ஒன்று அவருடைய கொள்கையை மேலும் விரிவாக்கியது. கருப்பையில் புற்றுப்புண் கொண்டு சீழ் ஒழுகிய பெண்ணொருத்தி, மருத்துவர் சோதனை தொடங்கும் முதற் கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தாள். அவளைத் தொட்டபின் வெறும் சவர்க்காரத்தால் கைகழுவி மற்றவரைச் சோதித்தனர். அவ்வேளை பேற்றுக்கிருந்த பன்னிருவருள் பதினொருவர் இறந்தனர். பிணத்திலிருந்து மட்டுமன்று, உயிருள்ளவரின் அழுகிய புண்ணிலிருந்தும் நஞ்சு பரவும் என்பது தெளிவாயிற்று. அதுமுதல் ஒவ்வொருவரைச் சோதித்த பின்னும் குளோரின் நீரால் கை கழுவவேண்டும் என விதித்தார். பார்வைக்குத் தூய்மையாக இருக்கும் கை உண்மையில் தூய்மையற்றதாக இருத்தல் கூடும் என்பதை நுண்ணுயிர்களைக் காணாமலேயே அவர் அறிந்துகொண்டார்.

இத்தகைய வெற்றியைக் கண்டோர் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருத்தல் வேண்டும். நடந்தது வேறு. எபிரா, சுக்கோடா, இரோக்கித்தான்சுக்கி ஆகிய வியன்னாப் பேரறிஞர்கள் அவர் பக்கம் நின்றனர். ஆயினும் மருத்துவருள் பலர் சினந்தனர். தம் கையே தாய்மாரைக் கொன்றது என்பதை எந்த மருத்துவர்தாம் எளிதில் ஒப்புக்கொள்வார்? காணமுடியாத ஏதோ ஒரு துகள் மனிதனைக் கொல்லும் என்பது ஆராய்ச்சி உலகுக்கு ஏற்புடையதன்று என்றனர் சிலர். செம்மல்வைசிடமும் குறை இருந்தது. தம் கண்டுபிடிப்பைத் தாமே எழுதி வெளியிடாமல் பல்லாண்டு வாளா இருந்தார். அவருக்காக நண்பர்களே எழுதினர். அதனால் பலர் அவர் கூற்றை அரைகுறையாக அறிந்தே மறுத்தனர்.

1849-ஆம் ஆண்டு மார்ச்சில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. பேராசிரியர் கிளைன் அதனை நீட்டிக்க மறுத்துவிட்டார். 1850-இல் வியன்னா மருத்துவர் சங்கத்தில் தம் கொள்கையை விளக்கிப் பேசினார். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை அவ்வாண்டு அக்டோபரில் கிடைத்தது. ஆனால் பாவையை வைத்தே கற்பிக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு கிடைத்தது. மானம் புண்பட்ட அவர், சில நாட்களில் நண்பர்களிடமும் சொல்லாமல் பெசுட்டு நகருக்குப் புறப்பட்டுவிட்டார். உற்ற துணையாய் நின்றவர்களுக்கு அது பெரிய வருத்தம் அளித்தது.

பெசுட்டு நகரின் தூய இரோக்கசு மருத்துவமனையில் 1851 முதல் ஆறாண்டுகள் பணியாற்றினார். அங்கே பிள்ளை பெற்ற 933 பேருள் காய்ச்சலால் மாண்டோர் எண்மரே. 1855-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அங்கே ஒருமுறை காய்ச்சல் மிகுந்தபோது, சரியாக வெளுக்காத துணிகளைக் கட்டில்களில் விரிப்பதே காரணம் எனக் கண்டார். அத்துணிகளை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டுபோய் அரசு அலுவலரின் முன்னே வைத்துவிட்டார்! அதன்பின் தூய துணிகள் வந்து சேர்ந்தன. 1857-இல் மரியா என்னும் நங்கையை மணந்தார். மக்கள் ஐவர் பிறந்தனர்.

பதினான்கு ஆண்டு தாழ்த்து, 1861-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலில் உண்மையும் கணக்கும் நிறைந்திருந்தன. கூறியது கூறலும் கடுஞ்சொல்லும் அவற்றோடு கலந்திருந்தன. படித்தவர் சிலர்; ஏற்றவர் அதனினும் சிலர். மறுத்த பேராசிரியர்களுக்கு அவர் வெளிப்படையான மடல்கள் எழுதி, அவர்களைக் கொலைகாரர் என்றே இடித்துரைத்தார். தாய்மார் இறந்துகொண்டிருக்கையில் அவரால் பொறுத்திருக்க முடியவில்லை. ஆனால் அச்சொற்கள் பகைவரைத் திருத்தவில்லை. நடுவே நின்றவரையும் விலகச் செய்தன.

நாளடைவில் அவருடைய மனநிலை திரிந்தது. 1865 சூலை இறுதியில் அவரை வியன்னாவுக்கு அழைத்துச் சென்று, உண்மையை மறைத்து, ஒரு மனநோய் விடுதியில் சேர்த்தனர். தாம் வந்த இடத்தை உணர்ந்து வெளியேற முயன்றவரைக் காவலர் அடித்து அடக்கினர். இரண்டு கிழமைகளில், ஆகத்து 13-ஆம் நாள், தமது நாற்பத்தேழாம் வயதில் அவர் இறந்தார். விரலில் உண்டான புண் சீழ்ப்பிடித்துக் குருதி நஞ்சானதே முடிவுக்குக் காரணம். கொலேட்சுக்காவையும் எண்ணிறந்த தாய்மாரையும் கொண்டுபோன அதே நோய் அவரையும் கொண்டுபோயிற்று.

அவர் இறந்ததற்கு முந்திய நாள், கிளாசுகோ நகரில் சோசப்பு லிசுட்டர் என்னும் அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த சிறுவன் ஒருவனுடைய புண்ணுக்குக் கார்பாலிக்கு அமிலம் இட்டுக் கட்டினார்; புண் சீழ்ப்பிடியாமல் ஆறியது. செம்மல்வைசின் பணியை லிசுட்டர் அப்போது அறிந்திருக்கவில்லை. 1879-இல் பாரிசு நகர அறிஞர் அவையில் லூயி பாசுட்டர், பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி சங்கிலிபோல் கோத்திருப்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

வியன்னாவில் புதைக்கப்பட்ட செம்மல்வைசின் எலும்புகளை 1891-இல் புடாபெசுட்டுக்குக் கொண்டு வந்தனர். பின்னர் அவர் பிறந்த வீட்டை மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக அமைத்து, 1964-இல் அவ்வீட்டிலேயே அவற்றை வைத்தனர். அவரை ஆசிரியராகப் பெற்றிருந்த அந்நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகம் 1969 முதல் அவர் பெயரால் வழங்குகிறது.