முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டவர்



போன மாதம் வகுப்பு முடிந்து கோயில் மண்டபத்தில் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தங்கை, பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்து ஊசி போடவில்லை என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் என்னவோ வந்ததாம். ஊசிக்குப் பதிலாக ஆன்லைனில் வாங்கிய ஏதோ சொட்டு மருந்து கொடுக்கிறாராம். அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். தட்டைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஹாஃப்கின் ஞாபகம் வந்தது. 130 வருடத்துக்கு முன்னால் இதே வேலையைச் செய்தவர். கல்லடி வாங்கியும் என்னை மாதிரி கத்தாதவர். இந்த மாதம் அவர் கதையைச் சொல்கிறேன்.

வால்டெமார் ஹாஃப்கின் பிறந்தது 1860-ல், கருங்கடல் ஓரத்து ஒடெசா நகரில். இன்றைக்கு அது உக்ரைன், அன்றைக்கு ரஷ்யப் பேரரசு. யூதக் குடும்பம். அந்தக் காலத்து ரஷ்யாவில் யூதன் என்றால் படிப்புக்கும் வேலைக்கும் பாதிக் கதவு சாத்தியே இருக்கும். ஊரில் யூதர்களை அடித்து நொறுக்கும் கலவரம் நடந்தபோது, தன் மக்களைக் காக்கப் போய் இவர் அடிபட்டார். அரசியல் ஈடுபாட்டால் போலீஸ் பிடித்ததும் உண்டு. பல்கலைக்கழகத்தில் இவருக்குப் பாடம் சொன்னவர் பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய மெக்னிகோவ். இவ்வளவு இருந்தும், மதம் மாறினால்தான் மேலே போகலாம் என்ற நிலைமை. இவர் மாறவில்லை. 1888-ல் நாட்டை விட்டே கிளம்பினார். ஜெனீவா போய், அங்கிருந்து பாரிஸில் லூயி பாஸ்டரின் ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? நூலகத்தில் உதவியாளர். பகலில் புத்தகம் அடுக்குவது, மிச்ச நேரத்தில் கிருமி ஆராய்ச்சி.

அப்போது உலகத்தை மிரட்டிய நோய் காலரா. நம் பாட்டிமார் வாந்திபேதி என்பார்களே, அதுதான். காலையில் நன்றாக இருந்த ஆள் ராத்திரிக்குள் போய்விடுவார். ஹாஃப்கின் அந்தக் கிருமியை எடுத்து, வீரியத்தை மாற்றி, கினிப் பன்றிகளில் சோதித்து ஒரு தடுப்பூசி செய்தார். மிருகத்துக்கு வேலை செய்தது. மனுஷனுக்கு? யார் மேல் சோதிப்பது?

1892 ஜூலை 18. தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலித்தது. சில நாள் கழித்து இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் நண்பர்களுக்குப் போட்டார்கள்.

ஆனால் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஊசி ஆபத்தில்லை என்பதைத்தான் காட்டும். நோயைத் தடுக்குமா என்பதைக் காட்டாது. அதைக் காட்ட காலரா இருக்கிற ஊருக்குப் போக வேண்டும். போட்டவர் எத்தனை பேர், போடாதவர் எத்தனை பேர், யாருக்கு நோய் வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் ஹாஃப்கினுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்றைக்கு எனக்குச் சரியானது, நீங்களும் குடியுங்கள் என்று வீடியோ போடுகிறவர்களுக்குத் தெரியாதது இதுதான்.

முன்பு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த டஃபரின் பிரபு அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதர். இந்தியாவுக்குப் போகும் யோசனையைச் சொன்னவர் அவர். 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வெள்ளைக்கார அரசாங்கம் அனுப்பிய ஆள், கையில் ஊசி. கல்கத்தாவின் ஒரு குடிசைப் பகுதிக்குள் போனபோது கல் வீசினார்கள். அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. ஜனங்கள் பார்க்க ஊசி குத்திக் காட்டினார்கள். முதலில் தங்கள் ஆட்களுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. கட்டல் பாகான் என்ற குடிசைப் பகுதியில் சுமார் 200 பேரில் 116 பேர் கையை நீட்டினார்கள். பிறகு அங்கே காலரா வந்தபோது செத்தவர்கள் எல்லாம் ஊசி போடாதவர்கள். அதற்கப்புறம் ஜனங்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு வருடத்துக்குள் 42,000 பேருக்கு மேல் போட்டிருந்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனவர்களும் இதில் உண்டு. எஸ்டேட்டில் பிறந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு காலரா என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலேரியா பிடித்து ஐரோப்பாவுக்குத் திரும்பியவர் 1896-ல் மறுபடி இந்தியா வந்தார். அந்த வருடக் கடைசியில்தான் பம்பாயில் பிளேக் வெடித்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜனங்கள் ஏன் ஊசிக்குப் பயந்தார்கள்? முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம், ஆனால் அது நியாயமில்லை. பிளேக் வந்ததும் பிரிட்டிஷ் அரசாங்கம் செய்த வேலை அப்படி. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து தேடினார்கள். பூஜை அறை, சமையற்கட்டு எதையும் விடவில்லை. நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோபத்தில்தான் 1897 ஜூனில் சாபேகர் சகோதரர்கள் ராண்ட் என்ற அதிகாரியைச் சுட்டார்கள். பம்பாயில் ஆஸ்பத்திரிக்குப் போனால் உயிரோடு திரும்ப முடியாது என்ற வதந்தி பரவி, மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியையே தாக்கினார்கள். ஊரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். ஓடியவர்களோடு நோயும் ஊர் ஊராகப் போனது. இன்னொரு பக்கம் பிளேக் மாத்திரை, பிளேக் தைலம் என்று வியாபாரம் சூடாக நடந்தது. அரசாங்கத்தை நம்பாத ஜனங்கள் அந்தப் பாட்டில்களை நம்பினார்கள்.

அதே 1897-ல் பூனா அருகே, பிளேக் வந்த ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு சிகிச்சைக்குப் போன சாவித்திரிபாய் புலேயும் அந்த நோய்க்கே பலியானார்.

பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஹாஃப்கினுக்குக் கொடுத்தது ஒரு சின்ன இடம், ஒரு குமாஸ்தா, மூன்று ப்யூன்கள். அவ்வளவுதான். ராத்திரி பகல் பார்க்காத வேலை. பிளேக் கிருமியை அவர் வளர்த்த விதம் நமக்குப் பிடிக்கும். சாறு ஊற்றிய குடுவையில் மேலாக நெய் மிதக்க விட்டார்! ஆமாம், நம் வீட்டு நெய்தான். நெய்த் துளிகளைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் விழுது விழுதாகக் கீழே தொங்கி வளர்ந்தன. பிறகு சூடுபடுத்தி அவற்றைக் கொன்றுவிடுவார். அழுகாமல் இருக்கக் கார்பாலிக் அமிலம் சேர்ப்பார். செத்த கிருமியைக் காட்டி உடம்புக்குச் சண்டை பழக்குவதுதான் இந்த ஊசியின் சூட்சுமம்.

1897 ஜனவரி 10. இந்த முறையும் முதல் ஊசி அவருக்கே. பின்னால் மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட அதிக அளவு. காய்ச்சலும் வலியுமாக இருந்தும் அன்றாட வேலைகளைப் பார்த்தார். அடுத்து பைகுலா சிறையில் பிளேக் வந்தபோது, சம்மதித்த கைதிகளுக்குப் போட்டு, சம்மதிக்காதவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கு வைத்தார். ஊசி முழுக் கவசம் இல்லை. போட்டவர்களில் சிலருக்கும் நோய் வரத்தான் செய்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் நோயும் சாவும் கணிசமாகக் குறைந்தன.

ஜனங்கள் மனசு மாற யார் உதவினார்கள் என்பது முக்கியம். இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் மூன்றாம் ஆகா கான் அப்போது இருபது வயதைத் தொடாத இளைஞர், உங்களில் பலரின் வயசு. தன் மக்கள் முன்னால் பகிரங்கமாக, ஒரு தடவை இல்லை, பல தடவை ஊசி போட்டுக்கொண்டார். மருந்து தயாரிக்கத் தன் மாளிகை ஒன்றையும் கொடுத்தார். அவர் சமூகத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து போட்டுக்கொண்டார்கள். 1898-ல் கல்கத்தாவில் பிளேக் பீதி வந்து, கட்டாயமாக ஊசி குத்தப்போகிறார்கள் என்ற வதந்தியில் ஜனங்கள் ஓடியபோது, சுவாமி விவேகானந்தர் டார்ஜிலிங்கிலிருந்து இறங்கி வந்தார். வங்காளியிலும் ஹிந்தியிலும் ஒரு அறிக்கை தயாரானது. பயப்படாதீர்கள், வதந்தியை நம்பாதீர்கள், வீட்டைச் சுத்தமாக வையுங்கள், யாருக்கும் சம்மதமில்லாமல் ஊசி போடமாட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். தேவைப்பட்டால் மடத்துக்கு வாங்கிய நிலத்தையே விற்று நோயாளிகளைப் பார்க்கத் தயாராக இருந்தார். அடுத்த வருடம் சகோதரி நிவேதிதை துடைப்பத்தோடு தெருவில் இறங்கினார்.

வதந்திகளையும் கேளுங்கள். பஞ்சாபில் பேசிக்கொண்டது: ஊசி ஒரு கஜ நீளமாம். குத்தியதும் சாவாம். தப்பித்தால் ஆணுக்கு ஆண்மை போய்விடும், பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது. கோவிட் சமயத்தில் நம் போனுக்கு வந்ததும் இதுதானே? சொந்தமாக ஒரு புதுப் பொய்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

இனி இந்தக் கதையின் கஷ்டமான பகுதி.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். ஐந்து பாட்டில் மருந்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் ஒரே பாட்டிலிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேருக்கு டெட்டனஸ் வந்தது. 19 பேரும் செத்தார்கள். தங்களை நம்பிக் கை நீட்டிய மக்கள். தடுப்பூசி வேண்டும் என்று பேசுகிற நாம் இதை விழுங்கிவிட்டுப் பேசக்கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

விசாரணை வைத்தார்கள். பம்பாய் கூடத்திலேயே மருந்து கெட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அதிக மருந்து வேகமாகத் தயாரிக்க, கார்பாலிக் அமிலம் சேர்க்காத புது முறைக்கு ஹாஃப்கின் மாறியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். பதவி போனது, சம்பளமும் போனது. உண்மை வேறு. பாட்டிலைத் திறந்த அன்று அங்கே உதவியாளர் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அதாலேயே பாட்டில் மூடியை எடுத்தார்கள். மண்ணில் இருக்கிற டெட்டனஸ் கிருமி உள்ளே போக அது போதும். பம்பாயிலேயே கெட்டிருந்தால், திறக்கும்போது நாற்றம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தச் சாட்சியம் எல்லாம் கோப்பிலேயே இருந்தது. இருந்தும் வருஷக்கணக்கில் அவர் மேல் பழி நின்றது.

1907-ல்தான் மலேரியா ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸும் வேறு பெரிய கிருமியியல் அறிஞர்களும் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கையெழுத்திட்டு இவருக்காகப் பேசினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் கேள்வி வந்தது. பழி நீங்கியது. அதற்குள் பஞ்சாபில் ஊசி மேல் இருந்த நம்பிக்கை செத்துவிட்டது. அந்த 1907-ஆம் வருடம் பஞ்சாபில் மட்டும் பிளேக்கில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எல்லாருமே ஊசியால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பல பேர் பிழைத்திருக்கலாம்.

ஒரு பாட்டிலில் நடந்த தப்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பாட்டில், எந்தக் கூடம், எந்த நாள், எத்தனை பேர் என்று எல்லாமே எழுதி வைத்திருந்ததால்தான். 2020-ல் ஈரானில் கொரோனாவுக்கு மருந்து என்று சாராயம் குடிக்கப் போய், மெத்தனால் விஷத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்தப் பாட்டில்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? அந்தத் தங்கையின் பையிலிருந்த சொட்டு மருந்துக்கு யார் பொறுப்பு? அன்றைக்கு நான் இதை மெதுவாகக் கேட்டிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் சம்மதித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் வரைக்கும் கூடப் போவதாக என் மனைவியும் சொல்லியிருக்கிறாள்.

ஹாஃப்கின் மறுபடி இந்தியாவுக்கு வந்தார், கல்கத்தாவுக்கு. ஆனால் பழையபடி தடுப்பூசி வேலையை முழுசாகச் செய்ய விடவில்லை. 1914-ல் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான காலத்தில் தன் சமய ஆசாரங்களை விடாமல் கடைப்பிடித்து வாழ்ந்தார். சேர்த்த பணத்தை யூத சமயக் கல்விக்கூடங்களுக்கு எழுதி வைத்தார். விஞ்ஞானம் படித்தால் சாமியை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிற தம்பிகள் இதைக் கவனிக்கலாம்.

பம்பாய் பரேலில் அவர் கட்டியெழுப்பிய கூடத்திலிருந்து 1925 வரை சுமார் 2 கோடியே 60 லட்சம் ஊசி மருந்து வெளியே போனது. அந்த வருடம்தான் கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். தகவல் கிடைத்ததும், தன் வாழ்நாளின் நல்ல வருடங்கள் எல்லாம் அந்த வேலையில்தான் கழிந்தன என்று பதில் எழுதினார். 1930 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லொசானில் காலமானார். இந்தியா 1964-ல் அவர் படம் போட்டுத் தபால் தலை வெளியிட்டது. பரேலில் அந்தக் கூடம் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.