டெய்சி மலர்களைப் பார்த்த சிறுவன்

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் ரயில் போத்தனூரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஆலன் டூரிங்கின் நினைவு வரும். கணினி அறிவியலின் முன்னோடியான அந்த ஆங்கிலேயரின் தாய் எத்தல் சாரா ஸ்டோனி, 1881-இல் பிறந்தது போத்தனூரில்தான். எத்தலின் தந்தை மதராஸ் ரயில்வேயில் பொறியாளர். ஆலனின் தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் குன்னூரில் பிறந்தார். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார்.

இந்தியாவின் வெப்பமும் நோயும் பிள்ளைகளுக்கு ஆகாது எனக் கருதிய ஆங்கிலேய அதிகாரிகள், அவர்களைத் தாய்நாட்டில் பிறர் பொறுப்பில் விட்டுவருவது அன்றைய வழக்கம். ஆலனுக்கு ஒன்றேகால் வயதானபோது, முன்னரே பணிக்குத் திரும்பிவிட்ட கணவரிடம் சேர எத்தல் கப்பலேறினார். செயின்ட் லெனார்ட்ஸ் என்ற கடலோர ஊரில், ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரின் வீட்டில் சகோதரர்கள் வளர்ந்தனர். பெற்றோர் வருவதும் பிரிவதுமாக ஆண்டுகள் கழிந்தன.

இத்தகைய குடும்பங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தவை இங்கிலாந்தின் ஆயத்தப் பள்ளிகள். எட்டு வயதை ஒட்டிச் சேரும் சிறுவர்களைப் பதின்மூன்று வயதுக்குள், பப்ளிக் ஸ்கூல் எனப்படும் புகழ்பெற்ற தனியார் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்வதே அவற்றின் பணி. லத்தீன், பிரெஞ்சு, குழு விளையாட்டு, வழிபாடு, வீட்டுக்குக் கடிதம் என்று நாள்கள் நகரும். பேரரசை ஆளப்போகும் கனவான்களை ஒரே அச்சில் வார்க்கும் முதல் பட்டறை அது.

சசெக்ஸ் மாவட்டத்தின் ஃபிராண்ட் கிராமத்தில் இருந்த ஹேசல்ஹர்ஸ்ட் அத்தகைய பள்ளிதான். ஏறத்தாழ முப்பத்தாறு மாணவர்களே படித்த அந்தச் சிறு பள்ளிக்கு, 1922-இல் ஒன்பது வயது ஆலன் வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே படித்துவந்த ஜான் பள்ளியின் வழிகளுக்கு நன்கு பழகியிருந்தார். தம்பிக்கோ அது கைவரவில்லை. ஆலனின் கையெழுத்து கோணல்மாணல், விளையாட்டில் ஆர்வமில்லை. ஆயினும் காகிதத்தை மடித்துப் படகும் தவளையும் செய்யும் வித்தையைப் பள்ளி முழுவதும் பரப்பினார். அனைவருக்கும் பொதுவாக நடந்த புவியியல் தேர்வில் அண்ணனை மிஞ்சினார். மை ஒழுகும் பேனாவுக்கு மாற்றாகத் தாமே ஓர் ஊற்றுப்பேனாவை வடிவமைத்துப் பெற்றோருக்கு எழுதினார்.

அப்பருவத்தில் அவர் கைக்கு வந்த ஒரு நூல், மனித உடலையும் ஓர் இயந்திரம்போல் விளக்கியது. தம் கண்களை அறிவியலுக்குத் திறந்தது அந்நூலே என்று பின்னாளில் தாயிடம் கூறினார். அது பாடத்திட்டத்தில் இருந்த நூலன்று. 1923-இல் தாய் வரைந்து பள்ளி மேற்பார்வையாளர் அம்மையாருக்கு அனுப்பிய சித்திரமும் நினைவுகூரத்தக்கது. அதில் மற்றவர்கள் ஹாக்கி ஆடுகின்றனர். ஆலன் குனிந்து டெய்சி மலர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பள்ளி ஆலனைப் புரிந்துகொண்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அவரைக் குனிந்து பார்க்க விட்டது. அச்சில் வார்க்கும் பட்டறையில் நேர்ந்த அந்தச் சிறு தளர்வையே அவருக்கு வாய்த்த நற்பேறாக நான் கருதுகிறேன். 1926-இல் அவர் சேர்ந்த ஷெர்போர்ன் பள்ளியின் தலைமை ஆசிரியர், அறிவியலில் மட்டும் மூழ்க விரும்புபவர் அங்கே காலத்தை வீணாக்குகிறார் என்றே கருதினார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற டூரிங், 1936-இல் எழுதிய ஆய்வுரையில் எந்தக் கணிப்பையும் செய்யவல்ல ஒரு பொது இயந்திரத்தைக் கற்பனையில் படைத்தார். இன்றைய கணினிகளின் கோட்பாட்டு வேர் அது.

இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகையில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதங்களை உடைக்கும் பணியில் முன்னின்றார். பூந்தாதுக்களுக்கு அஞ்சி நச்சுவாயு முகமூடியுடன் சைக்கிளில் போன அவரது விசித்திரங்களை அங்கே எவரும் தடுக்கவில்லை. அவருடைய அறிவு தேவைப்பட்டவரை தேசம் அவரை அவர்போக்கில் விட்டது.

போர் முடிந்த பின் அந்தப் பொறுமை நீடிக்கவில்லை. தன்பாலின உறவு குற்றமெனச் சொன்ன சட்டத்தின்கீழ் 1952-இல் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். 1954 ஜூன் 7 அன்று, தமது 41-ஆம் வயதில் சயனைடு நஞ்சால் இறந்தார். 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. 2021-இல் ஐம்பது பவுண்டு நோட்டில் அவர் முகம் அச்சானது.

முப்பத்தாறு பிள்ளைகள் படித்த ஒரு கிராமத்துப் பள்ளி, தனக்குப் புரியாத சிறுவனை அவன்போக்கில் விட்டுவைத்தது. ஒரு பேரரசுக்கு அது இயலவில்லை. வரிசையை விட்டு விலகி நிற்கும் ஒரு மாணவனைக் கடிந்துகொள்ளும் முன், அவன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நாமும் ஒருமுறை குனிந்து பார்க்கலாம்.