ஏலக்காய் புத்தகத்தை எந்த அலமாரியில் தேடுவது? நூலகங்களை மாற்றிய எஸ்.ஆர். ரங்கநாதனின் கதை

போடிநாயக்கனூர் பக்கம் ஏலக்காய் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவருக்கு, காய் அழுகல் நோயைத் தடுப்பது பற்றி ஒரு புத்தகம் வேணும். அதை எங்கே தேடுவார்? தாவரவியலா, வேளாண்மையா, செடி நோய்களா? தப்பான அலமாரியில் தேடினால் அரை நாள் போச்சு. இந்தப் பிரச்சினைக்கு வழி கண்டுபிடிக்கவே வாழ்நாளைக் கொடுத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

கணக்கு வாத்தியார், திடீர் நூலகர்

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, மங்களூர், கோவை, சென்னை கல்லூரிகளில் பாடம் நடத்தினார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆனால் சேர்ந்த சில நாளிலேயே சலிப்பு. வகுப்பறைக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தவரைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் மனசு மாறியது.

லண்டனில் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அப்போது பெரும்பாலான நூலகங்களில், பொருள்களின் பட்டியலை முன்கூட்டியே போட்டுவிட்டு, புத்தகங்களை அதில் பொருத்துவார்கள். பட்டியலில் இல்லாத புதுப் பொருள் வந்தால் சிக்கல். ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சில துண்டுகளைத் திருகு வைத்துச் சேர்த்து வண்டி, பாலம், கிரேன் என எதையும் செய்யலாம். பொருள்களையும் அப்படிச் சேர்க்கலாமே!

கோலன் எப்படி வேலை செய்யும்?

1933-ல் வந்தது அவருடைய 'கோலன் வகைப்பாடு'. ஒரு பொருளைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்து, முக்காற்புள்ளியால் இணைப்பதுதான் அடிப்படை. எந்தப் பயிர்? ஏலம். எந்தப் பகுதி? காய். என்ன பிரச்சினை? அழுகல். என்ன செய்வது? தடுப்பது. எந்த ஊர்? போடி மலைச்சரிவு. யாரும் முன்னால் எழுதாத விஷயத்துக்கும் சரியான இடம் தயார். அவர் 1931-ல் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அதற்கான கருவிதான் இது.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு பல நூலகங்கள் இருக்கும்போது இது இன்னும் முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேப்பாக்கத்தில் தலைமை நூலகம் இருக்கிறது. கிண்டி, தரமணி, மெரினா வளாகங்களில் துறைக்கேற்ற தனி நூலகங்கள். புத்தகம் எந்த வளாகத்தில், எந்த அலமாரியில் என்று தெரியாவிட்டால், இத்தனை நூலகம் இருந்தும் பயனில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே

படிப்பு காசுள்ளவர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்வியும் அவருக்கு இருந்தது. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். 1930-லேயே நூலகச் சட்டத்துக்கு மாதிரி வரைவு எழுதினார். பல வருட முயற்சிக்குப் பிறகு 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் சட்டம் அதுதான். உள்ளாட்சிகளுக்கு நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்திருப்பது அந்தச் சட்டத்தால்தான். போடியில் வீடு வைத்திருப்பவரும் இதில் ஒரு பங்கு கட்டுகிறார்.

பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் எனப் பணியாற்றினார். 1957-ல் பத்மஸ்ரீ. சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலுக்கு மனைவி சாரதா பெயரையும் சேர்த்து ஒரு பேராசிரியர் இருக்கை அமைத்தார். 1962-ல் பெங்களூருவில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972-ல் அங்கேயே காலமானார்.

அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 இன்று தேசிய நூலகர் தினம். இப்போதெல்லாம் போனில் தேடினாலே புத்தகம் கிடைக்குமே என்று தோன்றலாம். ஷாப்பிங் ஆப்பில் விலை, நிறம், சைஸ் என்று ஒவ்வொன்றாக வடிகட்டுகிறோம் இல்லையா? பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடும் அந்த முறையை நூலகத்தில் அவர் கொண்டுவந்து 90 வருஷத்துக்கு மேல் ஆகிறது.