புலிவரி வேந்தர்

வில், கயல், புலி என்னும் மூவேந்தர் சின்னங்களை நாம் இளமையிலேயே அறிவோம். ஐரோப்பியப் பெருங்குடும்பங்கள் கேடயத்தில் தீட்டிய குலச்சின்னங்களும் அத்தகையனவே. பிற்காலத்தில் நம் கோவையை ஆண்ட ஒருவரும் புலியையே தம் முத்திரையாகக் கொண்டார். அவர்தாம் திப்பு சுல்தான்.

1751-இல் தேவனஹள்ளியில் ஐதர் அலிக்கு மகனாகப் பிறந்தார். ஆர்க்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் என்னும் இறைநேசரின் பெயரே அவருக்குச் சூட்டப்பெற்றது. 1782-இல் தந்தை மறையவே, போர்க்காலத்திலேயே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

ஐதர் என்றால் சிங்கம். மகனோ புலியைத் தேர்ந்தார். வீரர் சட்டையில் புலிவரி; வாட்பிடியில் புலிமுகம்; பொன்தகடு போர்த்த அரியணையிலும் புலி. வெள்ளையன் ஒருவனைப் புலி கவ்விக் கிடக்கும் அவருடைய மரப்பொறி இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், மனிதன் ஓலமிடுவான்!

நான் வாழும் உக்கடத்தை அடுத்த கோட்டைமேட்டில் இன்று கோட்டை இல்லை, பெயரே எஞ்சியுள்ளது. மைசூர்ப் போர்களில் பலமுறை கைமாறிய அக்கோட்டையை, 1791 நவம்பரில் திப்புவின் படை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டது. மறு ஆண்டு உடன்படிக்கையில் நாட்டில் பாதியை இழந்து, புதல்வர் இருவரைப் பிணையாகவும் கொடுத்தார். ஆயினும் கோவை அவரிடமே இருந்தது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்டார். கோவை கும்பினியார் வசமாயிற்று.

அவருடைய ஆட்சியைப் புகழ்வாரும் உளர், இகழ்வாரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது என் நோக்கமன்று. அந்தப் புலி என்ன ஆயிற்று என்பதே என் வினா.

அரியணை உடைத்துப் பங்கிடப்பட்டது. வென்ற படைக்கு அளித்த பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் புலியை வீழ்த்தியது. படைத்தலைவர் ஆரிஸ் 1815-இல் பிரபு ஆனார். அவர் குடும்பத்தின் குலச்சின்னத்தில், மார்பில் அம்பு தைத்த புலி ஒன்று இடம்பெற்றது. அதன் நெற்றியில் பாரசீக எழுத்தில் ஐதரின் பெயர்! தோற்றவர் சின்னம் வென்றவர் வீட்டு அணியாயிற்று.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டையில் சிறைப்பட்டிருந்தனர். 1806 சூலை 10 அன்று அங்கே கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, புலிவரிக் கொடியை ஏற்றினர். அன்றே அது இறக்கப்பட்டது. சம்பளம் கொடுத்தவன் கொடியை விட்டு, மாண்டவன் கொடியை அவர்கள் ஏன் தேடினர்? வெற்றியால் ஒரு சின்னத்தைப் பறித்துக்கொள்ளலாம். அதற்கு மக்கள் தரும் பொருளைப் பறிக்க இயலாது என்பதே நான் கண்ட விடை.