கண்ணாடித் தகட்டில் தெரியும் மருந்தின் ரகசியம்... யார் இந்த எகான் ஸ்டால்?

சுந்தரபாண்டியத்துக்குப் பக்கத்தில் உள்ள கிருஷ்ணன்கோவிலில் பார்மசி படிக்கிற பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்கமான பொருள், வெள்ளைப் பூச்சு போட்ட சின்னக் கண்ணாடித் தகடு. மூலிகைச் சாற்றை அதில் ஒரு பொட்டு வைத்து, அடிப்பகுதி கரைப்பானில் நனைய நிறுத்தினால் போதும். கலந்திருக்கும் பொருட்கள் தனித்தனிப் புள்ளியாகப் பிரியும். கலப்படம் செய்தாலும் மாட்டிக்கலாம். இந்த டிஎல்சி முறையை உலகத்துக்குக் கொண்டுபோனவர், 1924-ல் பிறந்த ஜெர்மன் மருந்தியல் அறிஞர் எகான் ஸ்டால்.

முதல் முயற்சி யாருடையது?

ஐடியா ஸ்டாலுடையது இல்லை. 1938-லேயே கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஆனால், வெறும் பொடிப் பூச்சு தொட்டாலே உதிரும். ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் மெலியும். ஒரு லேபில் வந்த ரிசல்ட் இன்னொரு லேபில் வராது.

ஸ்டால் செய்தது என்ன?

1956-ல் அவர் எழுதிய கட்டுரையைப் பெரிதாக யாரும் கண்டுக்கலை. அவர் விடவில்லை. நைசான சிலிக்கா ஜெல்லில் ஜிப்சம் சேர்த்து, தண்ணீரில் கூழாக்கி, கால் மில்லிமீட்டர் கனத்தில் சீராக இழுக்கும் கருவியையும் கொண்டுவந்தார். ஜிப்சம் இறுகியதும் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. சுமார் 110 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் தகடு ரெடி.

1958-ல் பொடியும் கருவியும் விற்பனைக்கு வந்த பிறகுதான் முறை பரவியது. 1962-ல் கையேடும் வந்தது. ஸ்டால் 1986-ல் மறைந்தார். இப்போது தகடு ரெடிமேடாகவே கிடைக்கிறது. ஆனாலும் சிலிக்கா டப்பாவில் இருக்கும் ‘ஜி’ என்ற எழுத்து, அவர் சேர்த்த ஜிப்சத்தைத்தான் இன்னும் குறிக்கிறது.