மருத்துவ மாணவி ஆனந்திபாய் ஜோஷி

மருத்துவம் பயில விரும்பும் மாணவரிடம் காரணம் கேட்டால், நோயுற்றோர்க்கு உதவுவதற்கு என்று விடை வரும். எந்த நோயுற்றோர்க்கு என்று மேலும் கேட்டால் பலர் தயங்குவர். பட்டம் பெற்றபின் நோயாளிகள் தாமே வருவார்கள் என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆனால், மருத்துவர் இருக்கும் இடத்திற்கு வர இயலாத நோயாளிகள் எக்காலத்திலும் உண்டு. அத்தகையோர் யாவர் என்பதை முதலில் கண்டு, அவர்களுக்காகவே பின்னர் மருத்துவம் கற்ற ஒரு பெண்ணின் வரலாறு இது. அவருடைய வாழ்வு முடிந்தது புனே நகரில். வாழ்ந்தது இருபத்திரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

1865ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிறந்த அப்பெண்ணுக்குப் பெற்றோர் இட்ட பெயர் யமுனா. பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாண் என்னும் ஊரைச் சேர்ந்த குடும்பம் அது. ஒன்பது வயதில் திருமணம் நடந்தது. கணவர் கோபால்ராவ் ஜோஷி, அஞ்சல் அலுவலகத்தில் எழுத்தர், மனைவியை இழந்தவர், மணமகளைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ஆனந்தி என்னும் பெயரை இட்டவர் அவரே. தம் மனைவி படித்தவளாக இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் அந்நாளில் காணக் கிடைக்காதது. மற்ற வீடுகளில் ஏடு தொட்டதற்காகப் பெண்கள் ஏச்சுக் கேட்டார்கள்; இவ்வீட்டிலோ படிக்கத் தவறினால் அடி விழுந்தது. அக்கொடுமையை ஆனந்தி மறைக்கவில்லை. பின்னாளில் கணவருக்கு எழுதிய மடலிலேயே அதனை எடுத்துரைத்தார். அவருடைய கல்விக்கு வித்திட்ட கை, அடித்த கையும்தான். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறு ஆகாது.

பதினான்காம் வயதில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாள்தான் அது உயிரோடு இருந்தது. தக்க மருத்துவ உதவி கிடைத்திருப்பின் குழந்தை பிழைத்திருக்கும் என்னும் எண்ணம் அந்த இளந்தாயின் நெஞ்சை விட்டு அகலவில்லை. தமக்கு நேர்ந்த இழப்பு ஊரெங்கும் நேர்வதை அவர் கண்டார்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். அந்நாளைய பம்பாய் மாகாணத்தில் இந்நான்கும் இருந்தன. கல்லூரிகள் இருந்தன, பட்டம் பெற்ற மருத்துவர்களும் இருந்தார்கள். ஆயினும் நோயாளி பெண்ணாக இருந்தால் மருத்துவருக்கும் அவளுக்கும் இடையே ஒரு திரை தொங்கியது. ஆடவரிடம் தன் நோயைச் சொல்ல நாணி, சொல்லாமலே மாண்டவர் பலர். மக்கள் தொகையில் பாதியாக இருந்தும், மருத்துவமனை வாயிலில் பெண்கள் மிகச் சிறுபான்மையினராகவே இருந்தார்கள். அத்திரையை விலக்க வேண்டுமானால் மருத்துவர் திரைக்கு உள்ளேயிருந்து தோன்ற வேண்டும். ஆனந்தி கண்ட உண்மை இதுவே.

1880இல் கோபால்ராவ், ராயல் வைல்டர் என்னும் அமெரிக்கச் சமயப் பணியாளருக்கு உதவி வேண்டி மடல் எழுதினார். மதம் மாறினால் உதவி கிட்டும் என்பது போன்ற விடையே வந்தது. தம்பதியர் அதற்கு இசையவில்லை. ஆயினும் அம்மடல் அமெரிக்க இதழ் ஒன்றில் அச்சாகியது. நியூ ஜெர்சியில் ரோசெல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடிசியா கார்ப்பெண்டர் என்னும் அம்மையார், பல் மருத்துவரிடம் சென்று காத்திருந்த வேளையில் தற்செயலாக அதனைப் படித்தார். முகமறியாத இருவருக்கும் இடையே மடல்கள் கடல் கடந்தன. உறவு முறை கொண்டாடும் அளவிற்கு அந்நட்பு வளர்ந்தது.

ஒரு பெண் கணவர் துணையின்றிக் கடல் கடப்பதா என்று ஊர் கொதித்தது. அதற்கு விடையாக, 1883 பிப்ரவரியில் வங்காளத்துச் செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் ஆனந்தி மேடை ஏறினார். இந்நாட்டிற்குப் பெண் மருத்துவர்கள் ஏன் தேவை, தாம் ஏன் அயல்நாடு செல்லவேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாக விளக்கினார். சென்னையில் ஒரு கல்லூரி இருப்பதை அவர் குறிப்பிட்டார் என்பது தமிழராகிய நாம் நினைவிற் கொள்ளத் தக்கது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களுக்குக் கதவு திறந்திருந்தது. எனினும் இந்நாட்டில் பெண்களுக்குக் கிடைத்த பயிற்சி குறைவுடையது என்பது அவர் முடிவு. இந்துப் பெண்ணாகவே சென்று இந்துப் பெண்ணாகவே திரும்புவேன் என்றும் அவையில் உறுதி கூறினார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

அவ்வாண்டு ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பலேறி ஜூன் மாதம் நியூயார்க் சேர்ந்தார். பிலடெல்பியாவில் பெண்களுக்கென்றே 1850இல் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றது. அங்கே தலைமை வகித்த ராக்கேல் போட்லி அம்மையார் அவரிடம் தாயன்பு காட்டினார். ஜப்பானிலிருந்து கெய் ஒகாமி, சிரியாவிலிருந்து சபாத் இஸ்லாம்பூலி ஆகியோரும் அக்கல்லூரியில் பயின்றனர். 1885இல் மூவரும் தத்தம் நாட்டு உடையில் எடுத்துக்கொண்ட நிழற்படம் இன்றும் உள்ளது. தம் மக்களுக்காகக் கற்க வந்தவர்கள், தம் மக்களின் உடையைக் களைந்துவிடவில்லை.

பனியிலும் அவர் புடவையையும் மரக்கறி உணவையும் கைவிடவில்லை. அதற்குரிய விலையை உடல் கொடுத்தது, காசநோய் பற்றியது. அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் 1882இல் கண்டறிந்திருந்தார். ஆனால் அதனை அழிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைப்பதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. நோயின் காரணம் தெரிந்தும் தீர்வு தெரியாத இடைக்காலத்தில் அவர் மாணவியாக இருந்தார்.

பட்ட ஆய்வுக்கு அவர் தேர்ந்த பொருள் இந்துக்களிடையே வழங்கிய மகப்பேற்று மருத்துவம். எவருக்காகக் கற்க வந்தாரோ அவர்களை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. 1886 மார்ச் 11இல் பட்டம் பெற்றார். கோபால்ராவும் பண்டித ரமாபாயும் அவ்விழாவில் இருந்தார்கள். விக்டோரியா மகாராணியிடமிருந்து வாழ்த்து வந்தது. கோல்ஹாப்பூரில் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையின் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பு மருத்துவராக அவர் அமர்த்தப்பட்டார்.

அப்பொறுப்பை ஏற்க விதி இடம் தரவில்லை. அவ்வாண்டின் இறுதியில் நோயோடு தாயகம் திரும்பியவர், 1887 பிப்ரவரி 26இல் புனேயில் உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி கடல் கடந்து கார்ப்பெண்டர் அம்மையாரிடம் சென்றது. நியூயார்க் மாநிலத்துப் போகீப்சி என்னும் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் குடும்பத்தாரிடையே வைக்கப்பட்டது.

கோல்ஹாப்பூர் மருத்துவமனையில் அவருக்காகக் காத்திருந்த பெண்களில் ஒருவருக்கேனும் அவர் மருந்து கொடுக்கவில்லை. அப்படியானால் அக்கல்வியின் பயன் என்ன என்று கேட்பது இயல்பு. பயனை ஒருவர் ஆயுளுக்குள் தேடினால் அது கிட்டாது. ஆனந்தி பட்டம் பெற்ற அதே 1886இல் கல்கத்தாவில் காதம்பினி கங்கூலி மருத்துவரானார். 1894இல் ரக்மாபாய் இலண்டனில் தகுதி பெற்றுத் திரும்பிச் சூரத்தில் பெண்களுக்குப் பணிபுரிந்தார். 1912இல் புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டவரும் அவரே. திரை ஒரே கையால் விலகவில்லை. பல கைகள் அதனைப் பற்றி இழுத்தன.

இன்று புனேயின் மருத்துவக் கல்லூரிகளில் மாணவியர் திரளாகப் பயில்கின்றனர். ஆனால் திரைகள் அனைத்தும் நீங்கிவிடவில்லை. மருத்துவரின் மொழி தெரியாமல் நோயைச் சொல்ல முடியாதவர் உண்டு. மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து நகரத்து மருத்துவமனைக்கு வர அஞ்சுபவர் உண்டு. எண்ணிக்கையில் சிறியவர் என்பதால் எவர் கணக்கிலும் வராதவர் உண்டு. நம்மிடையே மருத்துவம் பயிலும் தோழர்கள், தாம் சிகிச்சை செய்யப்போகும் நோயைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னரே, நோயாளி யார் என்பதைத் தேர்ந்துகொள்வார்களாக. ஆனந்திபாய் பதினெட்டு வயதில் கப்பலேறும்போது அதைத்தான் செய்திருந்தார்.